பீக் ஃப்ளோ மீட்டர்: ஆஸ்துமாக்காரர்கள் வாங்கலாமா?

மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறுகும்போது உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும், 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று இருந்துவிடுவோம், ஒரு ராத்திரி வீசிங் வந்து படுக்க விடாமல் உட்கார வைத்துவிடும். ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் பெரும்பாலும் அது அன்றைக்குத் தொடங்கியதாக இருக்காது, சில நாட்களாகவே உள்ளே குழாய்கள் சுருங்கிக்கொண்டு வந்திருக்கும். அதை முன்கூட்டியே எண்ணாகக் காட்டுவதுதான் பீக் ஃப்ளோ மீட்டர். நான் பயன்படுத்துவது பேட்டரி எதுவும் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் வகை. ஆஸ்துமாவுக்கு அருமையான கருவி, மற்ற நுரையீரல் நோய்களுக்கு இதை நம்பி உட்காராதீர்கள். இதுதான் என் முடிவு, 5-க்கு 4 கொடுப்பேன்.

மூச்சை முழுக்க இழுத்து ஒரே வீச்சில் ஊதினால், காற்று வெளியேறிய உச்ச வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று முள் காட்டும். இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, அப்புறம் சுமார் 23 கட்டங்களாகக் கிளைவிட்டு, கடைசியில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளில் போய் முடிகிறது. ஆக்சிஜன் ரத்தத்தில் ஏறுவதும் கரியமில வாயு வெளியே வருவதும் அந்த நுண்ணறைகளில்தான். ஆஸ்துமா பிடிப்பது அங்கே இல்லை, வழியில் இருக்கிற குழாய்களை. சுற்றியுள்ள தசை இறுகும், உள்சுவர் வீங்கும், சளி வேறு சேர்ந்துகொள்ளும். காற்று சீராக ஓடுகிற ஒரு குழாயின் விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது! அதுவும் மூச்சை விடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி குழாய்கள் இன்னும் நெருக்கப்படும், அதனால்தான் ஆஸ்துமாவில் இழுப்பதைவிட விடுவது கஷ்டம், இந்தக் கருவியும் ஊதச் சொல்லித்தான் அளக்கிறது.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கிற பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. குழாய்கள் இறுகத் தொடங்கும்போது நாம் வேகவேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டிவிடுவோம், ஆக்சிமீட்டர் 97, 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும், அது இறங்கும்போது நிலைமை ஏற்கெனவே மோசமாகியிருக்கும். நிமோனியாவில் கதை வேறு. நுண்ணறைகளில் நீரும் சீழும் நிரம்பி ஆக்சிஜன் குறையும், பீக் ஃப்ளோவை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் புகைப்பழக்கத்தால் வருகிற, மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிவிடும் சிஓபிடி நோய்க்கும் இது சரிவராது, அதற்கு எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று அளக்கிற ஸ்பைரோமெட்ரி பரிசோதனைதான் வேண்டும்.

ஊதுவதில் கவனம் தேவை. முள்ளைக் கீழே தள்ளிவிட்டு, நிமிர்ந்து நின்று, உதடு காற்றுக் கசியாமல் மூடியிருக்க ஊத வேண்டும். கருவியைப் பிடிக்கிற விரல் முள் ஓடுகிற பள்ளத்தில் பட்டால் முள் பாதியிலேயே நின்றுவிடும். கன்னத்தை உப்பித் துப்புவதுபோல் ஊதினால் பொய்யாக அதிகம் காட்டும். மூன்று முறை ஊதி அதில் அதிகமானதை எழுதுங்கள், சராசரி எடுக்க வேண்டாம்.

உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதினால் உங்களுடைய உச்ச எண் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், உயரம், வயது, ஆண் பெண் என்று எல்லாவற்றுக்கும் மாறும். உங்கள் உச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. மஞ்சளில் என்ன மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது, இறுகிய குழாய்களைச் சீக்கிரம் விரிக்கிற சால்ப்யூட்டமால் இன்ஹேலர் எடுத்து 15 நிமிடம் கழித்து ஊதினால் மருந்து வேலை செய்ததா என்று கண்ணெதிரே தெரிவதுதான். எண் என்னவாக இருந்தாலும் சரி, பேசக்கூட மூச்சு போதவில்லை என்றால் ஊதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் பேசில் மார்ட்டின் ரைட் 1950-களில் உருவாக்கிய கருவியின் வழியில் வந்த பழைய ரைட் அளவுகோலும் இப்போதைய ஐரோப்பிய அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டாது. கருவியை மாற்றினால் உச்ச எண்ணையும் புதிதாக எடுக்க வேண்டும், பெட்டியில் இதைப் பெரிதாக அச்சிட்டால் என்ன? எனக்கு வந்ததில் நிறம் குறிக்கிற சின்ன கிளிப்புகள் பையில் போட்டாலே நகர்ந்துவிடுகின்றன. 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளால் சரியாக ஊத முடியாது, அதற்கு மேல் உள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு காட்டுகிற வகையைக் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே ஊதுங்கள், ஈரம் இருந்தால் முள் ஒட்டிக்கொள்ளும்.