கேரட்டுக்குப் பெயர் வைத்தவள்: 14 மாதமாக எங்கள் வீட்டில் ஒரு படக்கதைப் புத்தகம்

போன ஆண்டு ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று வயது மகள் வெள்ளைச் சோறும் பொரித்த மீனும் தவிர வேறெதையும் வாயில் வைக்க மாட்டாள். தடையோ 61 நாள். பாம்பனில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீனின் விலை எட்டாது.

அப்போது வாங்கியதுதான் லாரன் சைல்டு எழுதி வரைந்து 2000இல் வெளிவந்த 'ஐ வில் நாட் எவர் நெவர் ஈட் எ டொமேட்டோ' (தக்காளியை ஒருபோதும் தின்னவே மாட்டேன்) என்ற ஆங்கிலப் படக்கதைப் புத்தகம். எதையும் தின்ன மறுக்கும் தங்கை லோலாவிடம், கேரட் வியாழன் கிரகத்திலிருந்து வந்தது, உருளைக்கிழங்கு மசியல் ஃபுஜி மலை மேகம் என்று அளக்கிறான் அண்ணன் சார்லி. படங்களைக் காட்டி நம் பேச்சிலேயே கதை சொன்னேன். 'ஃபிஷ் ஃபிங்கர்' என்ற நீளவாக்கு மீன் துண்டு வரும் பக்கத்தில் அதை 'மீன் விரல்' என்றேன்; "மீனுக்கு ஏது விரல்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. புடலங்காயைக் கடற்பாம்பின் வளையல் என்றேன். "இது புடலங்காய்" என்று தட்டைத் தள்ளினாள். இரண்டு மாதம் இப்படியே போனது. என் பிழையைக் கண்டுபிடித்தவர் அவளுடைய அப்பத்தா. "சோற்றுத் தட்டோடு அந்தப் புத்தகத்தை எடுக்காதே தாயி, மருந்துப் புட்டியைக் கண்டதுபோல் பிள்ளை மிரள்கிறது" என்றார். அன்றிலிருந்து மதியத் தூக்கத்துக்கு முன்பு, மடியில் வைத்து மட்டும்தான் கதை.

கடைசிப் பக்கங்களை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அங்கே தக்காளிக்குப் புதுப்பெயர் வைப்பது அண்ணன் அல்ல, லோலாவேதான். ஆடி மாதத்தில் ஒருநாள் என் மகள் கேரட் துண்டொன்றைச் சோற்றுக் குவியலில் நட்டாள். "கலங்கரை விளக்கம்" என்றாள். நான் மூச்சுக்கூட விடவில்லை. நுனியைக் கடித்தாள். "விளக்கு அணைந்துவிட்டது" என்றாள். மீதியையும் தின்றாள்.

புதிய உணவு ஒன்று பழக 8 முதல் 15 முறைகூட ஆகலாம் என்பார்கள். அத்தனை முறையும் அதட்டாமல் காத்திருக்க இந்தப் புத்தகம் எனக்குக் கைகொடுத்தது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். கெட்டி அட்டைப் பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. எங்களுடையது உப்புக்காற்றில் ஓரம் சுருண்டு நடுத்தாள் கழன்றுவிட, வலை தைக்கும் நைலான் நூலால் அவள் அப்பா தைத்துக் கொடுத்தார். முருங்கைக்காயும் பனங்கிழங்கும் வரும் இப்படியொரு கதை தமிழிலேயே வேண்டும் என்று மனம் ஏங்குகிறது.

இந்த ஆண்டுத் தடைக்காலத்தில் பீட்ரூட், அவரை, முருங்கை எல்லாம் இறங்கின. கத்தரிக்காய்க்கு அவள் இன்னும் பெயர் வைக்கவில்லை.