செப்டிக் டேங்க் லாரி சர்வீஸ்: இரண்டு மூடியையும் திறந்து பார்த்தவருக்கு ஐந்துக்கு நாலரை

கோவை புறநகரில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, செப்டிக் டேங்க்தான். ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் இறங்காமல் நிற்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன லாரிக்காரரைக் கூப்பிட்டோம்.

போன தடவை வந்தவர் முதல் அறையின் மூடியை மட்டும் திறந்து, மேலாக நின்ற தண்ணீரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், கசடு அடியில் அப்படியே கிடந்தது. இந்த அண்ணன் வந்ததும் கேட்டதே "எத்தனை மூடி இருக்கு?" என்றுதான். இரண்டையும் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டார். அப்புறம் நீளமான மூங்கிலை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார், பாதி உயரத்துக்குக் கறுப்புக் கசடு ஒட்டியிருந்தது.

டேங்குக்குள் நடப்பது இதுதான்: கனமானது அடியில் படியும், எண்ணெயும் சோப்பும் பாலாடை மாதிரி மேலே மிதக்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் அடுத்த அறை வழியாக உறிஞ்சு குழிக்குப் போகும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா கசடைத் தின்றாலும் முழுக்கத் தீர்க்காது, மிச்சம் ஏறிக்கொண்டே வந்து குழிக்குள் நுழைந்தால் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். டேங்க் கசடை எடுக்க லோடுக்குச் சில ஆயிரம்தான் ஆகும், குழி அடைத்தால் புதுக் குழி தோண்ட வேண்டும். அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

கெட்டியாக இருந்த கசடைத் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி, அதற்கப்புறம்தான் ஹோஸ் போட்டு இழுத்தார். அடியில் கொஞ்சம் கசடை வேண்டுமென்றே விட்டார், பாக்டீரியா மறுபடி பெருக அது போதும், சாணம் ஈஸ்ட் எதுவும் போட வேண்டாம் என்றார். தண்ணீர் வெளியேறும் இடத்தில் 'டீ' பைப் (T எழுத்து வடிவக் குழாய்) கழன்று கிடந்ததையும் டார்ச் அடித்துக் காட்டினார். அது இல்லாவிட்டால் மேலே மிதப்பதெல்லாம் நேராகக் குழிக்குப் போய்விடும். ஆசிட் ஊற்றாதீர்கள், நாப்கின் போடாதீர்கள் என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டும் போனார்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமாக இருந்தால் ஓரிரு மூச்சிலேயே ஆள் மயங்கி விழுந்துவிடுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து சாகிறார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம், இறக்கச் சொல்லும் வீட்டுக்காரரும் தப்ப முடியாது. எந்த லாரிக்காரராவது "பையன் இறங்கி அள்ளிடுவான்" என்றால் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குறை என்றால், காலையில் வருகிறேன் என்றவர் மத்தியானம்தான் வந்தார், மூடியைச் சுற்றிச் சிமெண்ட் பூசுகிற வேலையையும் எங்களிடமே விட்டுவிட்டார். இடுக்கு இருந்தால் கொசு புகுந்துவிடும், அன்றைக்கே பூசிவிடுங்கள். காற்றுக் குழாயின் உச்சிக்கும் வலை கட்டுங்கள்.

கூப்பிடும்போதே உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்று கேளுங்கள். இவர் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைத் தயங்காமல் சொன்னார். லாரிக்காரர் யாரையும் தெரியாதவர்கள் செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420க்கு அடித்துக் கேட்கலாம்.