மணல் தட்டா, கதையா: எதை முதலில் கற்பது?

கவுன்சலிங் படிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குழந்தைகளோடு வேலை செய்ய, சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் வழியில் வந்த மணல் விளையாட்டை, அதாவது குழந்தை மணல் தட்டில் பொம்மைகளை வைத்துத் தன் மனக் காட்சியை அமைக்கும் முறையைக் கற்பதா, ரிச்சர்ட் கார்ட்னரின் கதைக்குக் கதை சொல்லும் முறையைக் கற்பதா? இரண்டும் வேண்டும், ஆனால் மணலில் தொடங்குங்கள் என்பேன்.

மணல் தட்டும் குட்டி பொம்மைகளும் 1920களின் இறுதியில் லண்டனில் குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்டின் கிளினிக்கில் தொடங்கியவை. சுவிட்சர்லாந்தின் டோரா கால்ஃப் 1950களில் அவரிடம் போய்க் கற்று, யுங்கின் சிந்தனையை அதில் சேர்த்தார். தட்டு சுமார் 72 செ.மீ நீளம், 50 செ.மீ அகலம், 7 செ.மீ ஆழம். குழந்தை ஒரே பார்வையில் முழுவதையும் பார்த்துவிடலாம். உள்ளே நீல வண்ணம் பூசியிருப்பதால் மணலைக் கையால் விலக்கினால் போதும், ஆறோ கடலோ வந்துவிடும். கவுன்சலர் பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். உடனே விளக்கம் சொல்வதில்லை, இது ஏன், அது ஏன் என்று துருவுவதும் இல்லை.

கார்ட்னர் அமெரிக்க மனநல மருத்துவர். 1971இல் புத்தகமாக வந்த அவர் முறையில் குழந்தை ஒரு கதை சொல்லும், அதில் என்ன பாடம் என்று கேட்பார், அப்புறம் அதே பாத்திரங்களை வைத்து இன்னும் நல்ல தீர்வுள்ள கதையைத் திருப்பிச் சொல்வார். செலவில்லை, பொம்மை அலமாரி வேண்டாம், நன்றாகப் பேசும் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சில அமர்வுகளிலேயே பலன் தெரியலாம். பள்ளியில் நேரம் குறைவாகக் கிடைப்பவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

ஆனால் புதியவர் கையில் இது சறுக்கும். ஒரு பயிற்சி வகுப்பில் குழந்தையாக நடித்தவர், "நாய்க்குட்டி தொலைஞ்சு போச்சு, யாரும் தேடல" என்று கதையை நிறுத்தினார். எதிரில் கவுன்சலராக இருந்தவர் அவசரமாக, அம்மா நாய் ஓடி வந்து கட்டிக்கொண்டதாகச் சொல்லி முடித்தார். குழந்தையாக நடித்தவர் சற்று நேரம் கழித்து, "அம்மா வரலையே" என்றார். வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த முடிவு கவுன்சலருக்கு ஆறுதல் தந்தது, பிள்ளைக்கு அல்ல. பக்கத்து வீட்டு வாசலில் போய்க் குரைத்து உதவி கேட்கிற நாய்க்குட்டியைச் சொல்லியிருந்தால் அது கார்ட்னர் காட்டிய வழிக்கு நெருக்கமாக இருந்திருக்கும், ஏனென்றால் அதில் குட்டி தானே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது.

இந்த அவசரத்தை மணல் அடக்குகிறது. கால்ஃப் மரபில் பயிற்சி பெறுபவர் முதலில் தானே தட்டின் முன் உட்கார்ந்து மணலில் தன் காட்சிகளை அமைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிறர் தட்டின் அருகே உட்காருவது. இதைக் கவுன்சலர் படிப்புகள் எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தன் தட்டில் எதையோ புதைத்துவிட்டு, அதை யாரும் கிளறாமல் இருந்த அரைமணி நேரத்தை அனுபவித்தவர், குழந்தை கதையைப் பாதியில் நிறுத்தும்போது பொறுத்திருப்பார்.

குழந்தை பேசவே மறுத்தாலும் மணல்தான். குழந்தை கிளம்பிப் போகும்வரை தட்டைக் கலைக்காதீர்கள். போன பின் ஒரு படம் எடுத்துவிட்டு, பொம்மைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வையுங்கள்.