டிம்ஸ் பழைய கேள்வித்தாள்: பிறின்ற் எடுத்துக் குடுத்துப் பாத்தன்

பழைய தவணைப் பேப்பரையே திருப்பித் திருப்பிச் செய்து பிள்ளையளுக்கும் அலுத்துப்போச்சு எனக்கும் அலுத்துப்போச்சு, அதால இந்தமுறை டிம்ஸ் 2011 எட்டாம் ஆண்டுக் கணிதக் கேள்வியளை டவுன்லோட் பண்ணி கிளிநொச்சி தர்மபுரத்தில பின்னேரம் வாற 19 பேருக்குக் குடுத்தன். டிம்ஸ் எண்டா 1995இல இருந்து 4 வருசத்துக்கொருக்கா கன நாட்டுப் பிள்ளையளை ஒரே கணிதச் சோதனையில இருத்திப் பாக்கிற ஆராய்ச்சி, விஞ்ஞானமும் இருக்கு. வெளியில விட்ட கேள்வியள் இலவசம், படிப்பிக்கப் பாவிக்கலாம், வித்துக் காசாக்கேலாது.

நான் எடுத்தது ஆங்கிலம், ரெண்டு இரவு முழிச்சிருந்து தமிழில ரைப் பண்ணினன். கொமினிகேசன் கடையில பக்கம் 10 ரூபாவுக்குப் பிறின்ற் எடுத்தன். கடைப்பெடியன் அடிப்பக்கத்தை வெட்டி அடிச்சதில மூண்டு தாளில கடைசி விடையே காணேல்ல, கையால எழுதிக் குடுத்தன்.

சரக்கு எப்பிடி எண்டா, சோக்கு. ஒரு கேள்வி, 1/3 − 1/4 காண எது சரியான வழி எண்டு. விடையைக் கேக்கேல்ல, வழியைக் கேக்குது. தொகுதியில தொகுதியையும் பகுதியில பகுதியையும் கழிச்ச மாதிரி ஒரு பிழை விடையும் கிடக்கு, பிள்ளை எங்க சறுக்கும் எண்டு தெரிஞ்சவன் வச்ச பொறி. கொரியாவில 86 வீதம் சரி, சர்வதேசச் சராசரி 37, எல்லாரும் தூக்கி வச்சு ஆடுற பின்லாந்து வெறும் 16! என்ர 19 பேரில 11 சரி. துள்ளாதேங்கோ, 19 பேரை ஒரு நாட்டோட ஒப்பிடுறது பகிடி, மற்றது பகுதிக்கு மூண்டையும் நாலையும் ஏன் பெருக்கிறம் எண்டு கேட்டா ரெண்டு பேர்தான் வாய் திறந்தவை, மிச்சப்பேர் "சேர் நீங்கள்தானே அப்பிடிச் சொல்லித் தந்தனீங்கள்" எண்டினம். அடி எனக்குத்தான்.

அந்த 2011 சோதனையில சிங்கப்பூரின்ர சராசரிப் புள்ளி 611 எண்டா 1000க்கு 611 எண்டு விளங்கிப்போடாதேங்கோ, 500ஐ நடுவில வச்ச அளவுகோல் அது.

கூட ஒரு வினாக்கொத்தும் இருக்கு, அதையும் குடுத்தன். வீட்டில எத்தினை புத்தகம்? 10 வரை, 25 வரை எண்டு போய் 200க்கு மேல வரைக்கும் பெட்டி, பள்ளிக்கூடப் புத்தகம் எண்ணக்கூடாது. உது கணிதத்துக்கு என்னத்துக்கு எண்டு நினைப்பியள், நாடு நாடாப் பாத்தா புத்தகம் கூடின வீட்டுப் பிள்ளையளின்ர புள்ளிதான் சராசரியாக் கூட. 2009 யுத்தத்தில உடுத்த உடுப்போட வந்த சனத்தின்ர வீட்டில புத்தக அலுமாரிக்கு எங்க போறது, 17 பேர் முதல் பெட்டியிலதான் புள்ளடி போட்டவை. ஒரு பெடியன் "சேர் பஞ்சாங்கத்தையும் எண்ணலாமோ" எண்டான். எண்ணு எண்டன்.

5க்கு 4, ஒண்டு தமிழில இல்லாததுக்குக் கழிச்சது. கணிதம் படிப்பிக்கிற ஆக்கள் ஆருக்கும் தேவையெண்டா என்ர தமிழ்ப் பிரதி கிடக்கு, கேளுங்கோ. பிறின்ற் எடுக்கேக்க அடிப்பக்கத்தைப் பாத்து வாங்குங்கோ.