வண்டுக்கு ஒரு தவறணை: நாலு மாரி பார்த்த போத்தல் பொறி

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரத்தில் ஒட்டுமா, கொய்யா, தேசிக் கன்றுகள் வளர்த்து விற்கிறேன். 2020 மாரியில் ஒரு வரிசை மாங்கன்றுகளின் தண்டிலிருந்து வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. பல்லுக்குச்சித் தடிப்பு. தொட்டதும் மாவாக உதிர்ந்தது. பூஞ்சணம் என்று நினைத்து அதற்கு மருந்தடித்தேன். இலை வாடிய பிறகுதான் ஒரு தண்டைப் பிளந்து பார்த்தேன்: உள்ளே கறுத்த சுரங்கம், அதற்குள் எள்ளளவில் செம்பழுப்பு வண்டுகள்.

இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. தாய் வண்டு தன்னோடு கொண்டுவரும் பூஞ்சணத்தைச் சுரங்கச் சுவரில் பயிரிட்டு, அதைத் தானும் தின்று புழுக்களுக்கும் கொடுக்கிறது. துளைத்து உள்ளே போய்விட்டால் மேலே அடிக்கிற மருந்து அதனிடம் போய்ச் சேராது. மலைநாட்டில் தேயிலைக் கொப்புகளைத் துளைக்கிற வண்டும் இதே கூட்டம்தான். ஆக, வண்டு எப்போது பறக்கிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்குத்தான் 2021 மாரியிலிருந்து பொறி கட்டுகிறேன்.

செலவு அநேகமாக இல்லை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் பக்கத்தில் இரண்டு சன்னல் வெட்டி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். மூடிப் பக்கம் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர். மேலே ஒரு சின்னக் குப்பியில் எதனோல், அதாவது சாராயத்தில் இருக்கிற மதுசாரம். வேரில் தண்ணீர் நின்று மூச்சு முட்டுகிற கன்றுக்குள் எதனோல் உண்டாகும். அந்த மணத்தைப் பிடித்துத்தான் வண்டு வருகிறது. கொரோனாக் காலத்தில் மிஞ்சிய சனிடைசர் ஜெல்லை வைத்தேன், நன்றாகவே வேலை செய்தது. ஒட்டுக் கட்ட வருகிற அண்ணை மணந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, வண்டுக்கும் தவறணை திறந்திட்டியோ?” என்றார். சாராயமும் ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன். இன்றைய விலைக்குக் கட்டாது. அண்ணைக்கும் மனவருத்தம்.

முதல் வருசம் செய்த பிழை, பொறியைக் கன்றுகளுக்கு நடுவில் தொங்கவிட்டது. வந்த வண்டு எல்லாம் போத்தலுக்குள் விழுமா? பொறிக்குப் பக்கத்துக் கன்றுகளில்தான் துளை கூட. இப்போது காட்டுப் பக்க வேலியில், முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையான உயரத்தில் கட்டுகிறேன்.

இரண்டாவது பிழை சிரிப்பானது. மாசியில் அறுவடை முடிந்த கையோடு ஒரு போத்தலில் வண்டு திடீரென்று கூடிவிட்டது. பதறிப்போய் எல்லாக் கன்றுக்கும் மருந்தடித்தேன். பிறகு அவற்றை வெள்ளைத் துணியில் கொட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், பாதிக்கு மேல் நெல் துளைக்கிற வண்டு! அந்தப் போத்தல் நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலின் பின்பக்கம். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே உருளை உடம்பு, தலையும் ஒரே மாதிரிக் கீழே மடிந்திருக்கும். உணர்கொம்பைப் பார்த்தால் பிடிபடும்: மரத்து வண்டுக்கு நுனியில் உருண்டைக் குமிழ், நெல் வண்டுக்கு விலகி நிற்கும் மூன்று கணு.

2024 கார்த்திகைக் கடைசியில் கொட்டிய மழைதான் பொறிக்கு உண்மையான சோதனை. மழை விட்டு வெயில் எறித்த நாலாம் நாள், வழமையாக இரண்டு மூன்று கிடக்கிற போத்தலில் இருபதுக்கு மேல். அன்று மருந்துத் தாங்கியைத் தூக்கவில்லை. கன்றுப் பைகளைக் கிளப்பிப் பார்த்தேன். அடியில் துளை அடைபட்டு, தண்ணீர் நின்ற பைகள் ஒரு மூலை முழுக்க. அவற்றைக் கல் அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்து, வாய்க்காலையும் ஆழமாக்கினேன். அதற்கு முன்பே துளை விழுந்திருந்த ஏழு கன்றுகளைப் பிடுங்கி எரித்தாயிற்று. அந்த மூலையில் பிறகு புதுத்துளை காணவில்லை.

குறைகளும் உண்டு. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் தண்ணீர் இரண்டு நாளில் வற்றிவிடும், எறும்பு ஏறிப் பிடிபட்டதையும் தின்றுவிடும். ஒரு கிழமைக்கு மேல் பார்க்காமல் விட்டால் உள்ளே கிடப்பது அழுகி நாறும். வளர்ந்த மாமரத்தின் அடியைத் துளைக்கிற நீளக்கொம்பு வண்டு இதில் விழாது. அதற்கு அடிமரத்தில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். தென்னையின் செவ்வண்டுக்குக் கவர்ச்சிப் பொருளே வேறு.

நெற்கொட்டில் பக்கத்துப் போத்தலை மட்டும் இன்னும் கழற்றவில்லை. நெல்லுக்கு எப்போது புகை போடலாம் என்று அதைப் பார்த்துத்தான் வீட்டில் சொல்கிறார்கள்.