ஆட்டோ என்ன சொல்லிவிட்டுப் போனது?

செவ்வாய்ப் பொங்கலுக்குச் சிவகங்கைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நாட்டரசன்கோட்டை போய்விட்டுச் சிங்கப்பூர் திரும்பியாகிவிட்டது. விமானம், மதுரையிலிருந்து கார், சமையலுக்கு ஆள் எல்லாம் ஒழுங்காக அமைந்தன. அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது ஒரு ஆட்டோவைப் பற்றி. தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் அறிவிப்புச் செய்துகொண்டு போகிறதே, அந்த ஆட்டோ.

தைப் பொங்கல் முடிந்த கையோடு ஒரு மத்தியான நேரம். இரண்டாம் கட்டில் பொங்கல் பானையைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லி ஆத்தா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். தெருவிலிருந்து சத்தம். "அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு" என்பது மட்டும் கணீரென்று கேட்டது. எந்த ஊர் ஆட்டோவும் இந்த ஒரு வரியைத் தெளிவில்லாமல் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாம் கரகரவென்று ஆகிவிடும். "வருகிற செவ்வாய்க்கிழமை காலை" என்று ஒரு துண்டு காதில் விழுந்தது. கொஞ்சம் கழித்து "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்". நடுவில் இருந்தது எங்கே போனதோ தெரியாது.

வேறு எந்தக் கிழமையாக இருந்தாலும் விட்டிருப்பேன். தைப் பொங்கலுக்கு அடுத்து வரும் முதல் செவ்வாய்தான் எங்கள் ஊரில் செவ்வாய்ப் பொங்கல். கண்ணாத்தாள் கோயில் முன்னால் நூற்றுக்கணக்கான பானைகள் வரிசை கட்டி நிற்கும். புள்ளிக்கு ஒரு பானை. புள்ளி என்றால் எங்கள் கணக்கில் கல்யாணமான ஒரு குடும்பம். சீட்டில் முதலில் யார் பெயர் வருகிறதோ அவர்கள் பானைக்குத்தான் முதல் மரியாதை. சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் இதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் அந்தக் கூட்டத்திலேயே ஓசைப்படாமல் நடக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் என்ன? தண்ணீர் வராதா, கரண்ட் இருக்காதா, கார்களைக் கோயில் பக்கம் விடமாட்டார்களா?

ஓடினேன். நம் செட்டிநாட்டு வீடுகளில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நீளம் தெரியும். அடுப்படியைத் தாண்டி, வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டி, பட்டாலைக் கூடத்தைத் தாண்டி, முகப்புக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டோ முக்குத் திரும்பிவிட்டது. சரி, அடுத்து நம் பின்வாசல் தெருவுக்குத்தானே வர வேண்டும்? ஒரு தெருவில் தலைவாசலும் மறு தெருவில் பின்வாசலும் வைத்துக் கட்டிய முன்னோர்களை வாழ்த்திக்கொண்டு மறுபடியும் உள்ளே ஓடினேன். பின்கதவு வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கிற கதவு. தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டித் திறப்பதற்குள் அறிவிப்பு முடிந்து, நகைக்கடை விளம்பரம் ஓட ஆரம்பித்திருந்தது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. அது மட்டும் ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

சிங்கப்பூரில் நான் இருக்கும் புளோக்கில் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே அறிவிப்புப் பலகை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி கழுவப் போகிறார்கள் என்றால் எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே ஒட்டிவிடுவார்கள். தமிழில் போட்டிருந்தால் சில நேரம் சிரிப்பு வரும்படி இருக்கும், ஆனாலும் விஷயம் புரிந்துவிடும். டேங்க் ரோடு கோயில் தைப்பூசத்துக்கு எந்தச் சாலையை எப்போது அடைப்பார்கள் என்பது முதலிலேயே தெரியும். காவடிக்குப் பதிவுகூட இணையத்தில்தான். இதையெல்லாம் ஊரில் சொன்னால் "ஆரம்பிச்சுட்டான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு சேதி வந்துவிட்டது. ஆத்தா தண்ணீர்தான் வராது என்று முடிவுகட்டிவிட்டார்கள். மேல்வீட்டு அறையில் கிடந்த பித்தளை அண்டாக்கள் இறங்கின. கல்யாணத்துக்குக்கூட இறக்காத அண்டாக்கள் அவை. எல்லாவற்றையும் விளக்கி, நிரப்பி, வளவைச் சுற்றி வைத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியப்பச்சி, "தண்ணி இல்லப்பா, மின்சாரத் தடை. மாசாமாசம் பராமரிப்புன்னு நிறுத்துவான்ல?" என்று அடித்துச் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டருக்கு ஆள் வந்து போனது. டீக்கடையில் விசாரித்தால் நாய்களுக்கு ஊசி போடுகிறார்களாம், கட்டி வைக்க வேண்டுமாம்.

நியாயமாக வாட்ஸாப் குழுவில் தெரிந்திருக்க வேண்டும். புள்ளிகளுக்கென்று ஒரு குழு இருக்கிறது. சீட்டு வரிசை அதில்தான் வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் கேட்ட கேள்விக்குக் கீழே கைகூப்பும் படங்கள், ரோஜாப்பூவில் காலை வணக்கம், யாரோ பேரனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. கேள்வி மேலே போய்விட்டது.

முன்பெல்லாம் எப்படி என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கோயில் ஆள் வீடு வீடாக வருவார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, நாளையும் நேரத்தையும் சொல்லி, நாம் திருப்பிச் சொல்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். ஊர்ப் பொதுச் சேதி என்றால் தண்டோரா. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோராவை நிறுத்திவிட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான முடிவு. ஒரு மனிதரை அப்படித் தெருத்தெருவாகப் பறையடித்து நடக்கவைத்ததை ஏக்கத்தோடு பேசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு நடைமுறை விஷயம் இருக்கிறது. அவர் முக்கில் நின்று அடிப்பார். ஜனங்கள் வெளியே வருகிற வரைக்கும் நிற்பார், அப்புறம்தான் சொல்வார். "என்னப்பா சொன்ன?" என்று கேட்டால் மறுபடியும் சொல்வார். ஆட்டோவுக்கு நிற்கத் தெரியவில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து, அதுவும் பின்பக்கம் பார்த்துக் கட்டிய குழாயிலிருந்து, ஒரு பத்தி நீளத்துக்கு அரசாங்கத் தமிழில் வாசித்தால் எந்த வாசலுக்கு எந்த வார்த்தை போய்ச் சேரும்? முன்வீட்டுக்குக் கிழமை கிடைக்கும், அடுத்த வீட்டுக்கு நேரம் கிடைக்கும்.

கடைசியில் விடை பின்வாசல் வழியாகத்தான் வந்தது. தாழ்ப்பாளைத் திறந்ததே திறந்தது, பால் ஊற்றுகிற அக்கா மறுநாள் அந்தப் பக்கமாகவே வந்தார். கேட்டதற்குச் சிரித்துவிட்டார்.

"அதுவா தம்பி? கண்ணு முகாம். இலவசமாப் பாக்குறாக. நான் பேரு குடுத்துட்டேன். ஒங்க ஆத்தா பேரையும் சேத்துக் குடுத்துருக்கேன், சொல்லலையா?"

கண்ணாத்தாள் ஊரில், கண் நோய்க்கு நேர்ந்துகொண்டு எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிற ஊரில், செவ்வாய்ப் பொங்கலன்று கண் முகாம்! நாளைக் குறித்தவர் உள்ளூர்க்காரர் இல்லை என்பது நிச்சயம். ஆத்தா அண்டாக்களை ஒரு பார்வை பார்த்தார்கள், என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். "ஒனக்குத்தான காது கேக்கல, எனக்கு எதுக்குக் கண்ணு டெஸ்டு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தண்ணீரும் வந்தது, கரண்டும் இருந்தது. பானையும் நல்லபடியாகப் பொங்கியது.

அடுத்த தைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போனதும் முதல் வேலையாகப் பின்வாசல் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுங்கள். பால்காரர், பூக்காரர், துணி தேய்க்கிறவர் எல்லோரும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறார்கள். ஊர்ச் சேதியும் அங்கேதான் நடக்கிறது. ஆட்டோவில் என்ன வாசிக்கிறார்களோ அதை இரண்டு வரியில் தட்டச்சுச் செய்து குழுவிலும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதுவரை கட்டைவிரல் படங்கள் வந்திருக்கின்றன. பதில் வரவில்லை.