சொந்தக் கார் காப்பீடு இல்லாமல் அமெரிக்காவில் வாடகைக்குக் கார் எடுப்பவர்களுக்கு: என் 2,864 டாலர் போன விதம்

வாடகைக் காருக்கு நேர்ந்த சேதத்துக்காக நான் கட்டிய பணத்தைத் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் நேற்று மாலை வந்தது. இரவு முழுவதும் உறக்கமில்லை. இன்னும் சில நாட்கள் போனால் எனக்கே சலித்துப்போய் எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

நான் டெக்சாஸ் மாநிலத்தின் இர்விங் நகருக்கு வேலை நிமித்தமாக வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அலுவலகம் நடக்கும் தொலைவில் இருப்பதால் கார் வாங்கவில்லை. கார் இல்லாததால் கார் காப்பீடும் இல்லை. தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாந்தில் இருக்கும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அவர்களை அழைத்துப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாட்களுக்கு, பல நிறுவனங்களின் வாடகைக் கார்களை ஒரே இடத்தில் காட்டி விற்கும் ஓர் இணையத்தளத்தின் வழியாகக் காரைப் பதிவு செய்தேன். பணம் கட்டும் பக்கத்தில் 'முழுப் பாதுகாப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. நாளுக்கு 9 டாலர், நான்கு நாட்களுக்கு 36 டாலர். காப்பீடு இல்லாதவனுக்கு இது அவசியம் என்று எண்ணி அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

டாலஸ் விமான நிலையத்தின் வாடகைக் கார் மையத்தில் கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்ட கேள்வியே, 'உங்களுக்குச் சொந்தக் காப்பீடு இருக்கிறதா?' என்பதுதான். இல்லை என்றேன். சொந்தமாகக் காரே இல்லை, நாட்டுக்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தங்கள் நிறுவனத்தின் டேமேஜ் வேவர், அதாவது காருக்குச் சேதம் வந்தால் நம்மிடம் பணம் கேட்காமல் விட்டுவிடும் ஏற்பாடு, நாளுக்கு 29 டாலர் ஆகும் என்றார். நான் கைப்பேசியில் இருந்த பதிவுச் சீட்டைக் காட்டி, இது போதுமா என்று கேட்டேன். அவர் அதை வாங்கி, விரலால் மேலும் கீழும் நகர்த்திப் படித்துவிட்டு, 'முழுப் பாதுகாப்பு ஏற்கெனவே எடுத்திருக்கிறீர்கள், கவலையில்லை' என்று புன்னகையுடன் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் திரையில் 'வேண்டாம்' என்ற இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டேன். பக்கத்தில் நின்ற அப்பா, நல்ல மனிதராக இருக்கிறார், வீண் செலவு வைக்கவில்லை என்று சொன்னார்.

அவர் படித்துப் பார்த்தது தங்கள் நிறுவனத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு காப்பீட்டு நிறுவனத்தின் தாள். அது என்ன தரும், என்ன தராது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த 116 டாலரைக் கட்டியிருப்பேன்.

சனிக்கிழமை தரிசனம் முடிந்து திரும்பும் வழியில் ஒரு சிறிய ஊர் விடுதியில் தங்கினோம். காலையில் பார்த்தபோது யாரோ பின்னோக்கி எடுக்கையில் எங்கள் காரை இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பின் பம்பர் உடைந்து, டிக்கியின் கதவு உள்ளே அமுங்கியிருந்தது. விடுதியின் கேமராவில் அந்த மூலை பதிவாகவில்லை. அவசரமல்லாத அழைப்புகளுக்கான எண்ணில் காவல் துறையை அழைத்தேன். யாருக்கும் காயமில்லை, இடம் தனியாருக்குச் சொந்தமானது, காரும் ஓடுகிறது என்பதால் அதிகாரியை அனுப்ப முடியாது என்றார்கள். உடனே வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணுக்குத் தகவல் சொன்னேன். படங்களும் எடுத்து அனுப்பினேன். 'பணம் போனால் போகட்டும், யாருக்கும் அடிபடவில்லையே' என்றார் அப்பா.

காரைத் திருப்பிக் கொடுத்த பதினெட்டாம் நாள், என் வங்கிக் கணக்கிலிருந்து 2,864 டாலர் எடுக்கப்பட்டது. முன்பணமாக அவர்கள் நிறுத்திவைத்த 300 டாலர் பற்றி மட்டுமே எனக்குத் தெரியும்; சேதத்துக்கான தொகையையும் அதே கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி ஒப்பந்தத்தில் இருக்கிறது. பட்டியலைக் கேட்டு வாங்கினேன். பழுது நீக்க 1,912. கார் பணிமனையில் நின்ற ஒன்பது நாட்களுக்கு, வாடகைக்கு விட முடியாத இழப்பாக நாளுக்கு 58 வீதம் 522. அடிபட்ட காரின் சந்தை மதிப்புக் குறைவுக்கு 280. நிர்வாகக் கட்டணம் 150. அந்த மாத வீட்டு வாடகைக்கும் பெற்றோரின் மருந்துச் செலவுக்கும் வைத்திருந்த பணம் அது.

அதன் பிறகு இரண்டரை மாதம் நான் பட்ட அலைக்கழிப்பு இந்தப் பணத்தைவிட மோசமானது. பதிவுத் தளத்தை அழைத்தால், பாதுகாப்புத் திட்டத்தை நாங்கள் விற்க மட்டுமே செய்தோம், காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். காப்பீட்டு நிறுவனம், முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு எங்களிடம் திரும்பக் கேட்க வேண்டும் என்றது. வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, பணிமனை ரசீது, படங்கள், காவல் துறை அறிக்கை, இவற்றுடன் அந்த ஒன்பது நாட்களும் வாடகை நிறுவனத்தின் மற்ற கார்கள் அனைத்தும் வெளியே ஓடிக்கொண்டிருந்தன என்பதற்கான பதிவேடும் வேண்டுமாம். அந்தப் பதிவேட்டை வாடகை நிறுவனத்திடம் கேட்டேன். அது எங்கள் உள் ஆவணம், வாடிக்கையாளருக்குத் தர முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. கவுண்டரில் சொன்ன வாக்கியத்தை நினைவூட்டினேன். ஊழியர் வாய்மொழியாகச் சொன்னது எங்களைக் கட்டுப்படுத்தாது, நீங்கள் கையெழுத்திட்டதுதான் செல்லும் என்றார்கள். வங்கியும், ஒப்பந்தத்தில் அனுமதி கொடுத்திருப்பதால் தொகையை மீட்டுத் தர இயலாது என்று கைவிரித்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் பேசுவார். ஒவ்வொரு முறையும் நான் விடுதியின் வாகன நிறுத்துமிடத்திலிருந்து கதையைத் தொடங்க வேண்டும்.

நேற்று வந்த கடிதத்தில் இருப்பது இதுதான்: இடித்தவர் யாரென்று தெரியாத சேதத்துக்குக் காவல் துறை அறிக்கை கட்டாயம், அது இல்லாததால் கோரிக்கை முழுவதும் நிராகரிக்கப்படுகிறது. வர மறுத்த காவல் துறையிடம் நான் எப்படி அறிக்கை வாங்குவது? 36 டாலர் வாங்கும்போது இந்த நிபந்தனையை அந்தக் கட்டத்துக்கு அருகில் எழுத இடமில்லாமல் போய்விட்டதா?

இந்த இரண்டரை மாதத்தில் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. அது இந்த 2,864 டாலரைவிடப் பெரியது. இங்கே சொந்தக் கார் வைத்திருப்பவர்களின் காப்பீடு பெரும்பாலும் அவர்கள் வாடகைக்கு எடுக்கும் காருக்கும் நீளும். பிறருக்கு ஏற்படும் காயமும், விரிவான பாலிசி எடுத்திருந்தால் காருக்கு வரும் சேதமும் அதிலேயே அடங்கிவிடும். கவுண்டரில் முதல் கேள்வி அதுவாக இருப்பதன் காரணம் இதுதான். நம்மைப் போல் புதிதாக வந்தவர்களுக்கு இந்த இரண்டுமே இல்லை. நான் வாங்கிய 'முழுப் பாதுகாப்பு' காரின் சேதத்துக்கு மட்டுமானது. நான் ஒருவரை இடித்திருந்தால் ஒரு காசும் தராது. டெக்சாஸ் சட்டம் ஓட்டுநருக்குக் குறைந்தது ஒருவரின் காயத்துக்கு 30,000, ஒரு விபத்தின் காயங்களுக்கு மொத்தம் 60,000, பிறர் உடைமைக்கு 25,000 டாலர் காப்பு வேண்டும் என்கிறது. அதை ஓட்டுநர்தான் வைத்திருக்க வேண்டும் என்று என் ஒப்பந்தம் சொல்கிறது. காரின் உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக வாடகை நிறுவனத்தின் மீது பொறுப்புச் சுமத்த முடியாது என்று 2005இல் கூட்டாட்சிச் சட்டமும் வந்துவிட்டது. பெற்றோரை உட்கார வைத்துக்கொண்டு, மழையில், ஐ-45 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நான்கு மணி நேரம் இப்படி ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

விரிவான வழிகாட்டியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை; அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சொந்தக் காப்பீடு இல்லையென்றால், வாடகை நிறுவனமே தரும் டேமேஜ் வேவரையும், பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான கூடுதல் காப்பையும் கவுண்டரிலேயே எடுத்துவிடுங்கள், இரண்டும் வெவ்வேறு. அடிக்கடி கார் எடுப்பவர்கள், கார் இல்லாதவர்களுக்கென்றே தரப்படும் பாலிசியை விசாரியுங்கள். அது பிறருக்கான இழப்பை ஏற்கும். வாடகைக் காரின் சேதத்தைப் பொதுவாக ஏற்காது. சில கிரெடிட் கார்டுகள் காரின் சேதத்தை ஏற்கும், ஆனால் வாடகை முழுவதையும் அந்தக் கார்டிலேயே கட்டி, நிறுவனத்தின் வேவரை மறுத்திருக்க வேண்டும். என் கிரெடிட் கார்டின் வரம்பு 500 டாலர் என்பதால் டெபிட் கார்டைக் கொடுத்தேன்; அந்த வழியும் அடைபட்டது. சேதம் நேர்ந்தால், காவல் துறை வர மறுத்தாலும் அழைத்த நேரத்தையும் பேசியவர் சொன்னதையும் குறித்துக்கொண்டு, மறுத்ததை எழுத்தில் தரும்படி கேளுங்கள். நான் கேட்கவில்லை.

டெக்சாஸ் காப்பீட்டுத் துறையிடம் இன்று காலை இணையவழியில் புகார் பதிந்திருக்கிறேன். அப்பா தஞ்சாவூரிலிருந்து தினமும் கேட்கிறார். 2,864 டாலரும் திரும்பி வராது என்ற கடிதத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.